வேலையில் இருந்துகொண்டே படிப்பவரின் கட்டணத்தை நிறுவனம் ஏற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாக மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஆட்கள் மேலே படிக்க விரும்பினால் கட்டணத்தை நிறுவனம் ஏற்கும் திட்டம் ஒன்று ஒன்பது ஆண்டுகளாக நடக்கிறது. அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்துத் தொழிற்சாலை முதலாளிகளும், மற்ற நிறுவனங்களில் எச்.ஆர். பார்ப்பவர்களும், எங்கள் தொழிலாளர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"இந்தப் படிப்பு உதவின்னா என்னங்க? போனஸ் மாதிரியா?"

இல்லை. போனஸ் என்பது ஏற்கெனவே செய்த வேலைக்குச் சட்டப்படி வரும் பணம். படிப்பு உதவி அப்படிச் சட்டம் கட்டாயப்படுத்தும் ஒன்றல்ல, நிறுவனம் விரும்பித் தருவது. வேலையில் இருந்துகொண்டே ஒருவர் டிப்ளமோவோ, பட்டமோ, சான்றிதழ்ப் படிப்போ படித்தால் அதன் கட்டணத்தை முழுதாகவோ ஒரு பங்காகவோ நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. நிறுவனமே ஆள் வைத்து உள்ளே நடத்தும் பயிற்சி இதில் சேராது. இங்கே படிப்பு வெளியில் நடக்கிறது, சான்றிதழ் ஊழியர் பெயரில் வருகிறது, அவர் எங்கே போனாலும் அது அவரோடு போகும்.

"எங்ககிட்ட இருக்கறதே 25 பேர். இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் இல்லீங்களா?"

பெரிய நிறுவனங்கள் இதைப் பெரிதாகச் செய்வது உண்மைதான். விப்ரோ 1995-இலேயே பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து, வேலைக்கு எடுத்த இளைஞர்களை எம்.எஸ். படிக்க வைக்கத் தொடங்கியது. நம் பக்கத்திலேயே கே.பி.ஆர். மில் போன்ற நூற்பாலைகளில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பும் பட்டமும் முடிக்கிறார்கள்.

ஆனால் 25 பேர் உள்ள இடத்தில் ஆண்டுக்கு இரண்டு பேரைப் படிக்க வைத்தாலே போதும், திட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்புக்கு ஆகும் ஓர் ஆண்டுக் கட்டணம், நீங்கள் ஒரு ஆளை இழந்து புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. சின்ன இடத்துக்கு ஒரு வசதியும் உண்டு. யாருக்கு என்ன படிப்பு பொருந்தும் என்று முதலாளிக்கே தெரியும், கமிட்டி எல்லாம் தேவையில்லை. விதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வாய்மொழியாக நடத்தினால் 'அவனுக்கு மட்டும் ஏன்' என்ற பேச்சு வந்தே தீரும்.

"எந்தப் படிப்புக்கெல்லாம் குடுக்கலாம்? ஒருத்தன் பி.ஏ. தமிழ் படிக்கிறேன்னு வந்தா என்ன சொல்றது?"

வேலையோடு ஒட்டிய படிப்பு மட்டும்தான் என்று வைக்கும் நிறுவனங்கள் அதிகம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், பிறகு தளர்த்திவிட்டோம். வேலைக்கு நேரடியாக உதவும் படிப்புக்கு முழுக் கட்டணம், மற்ற பட்டப் படிப்புக்குப் பாதி. பி.ஏ. தமிழ் படித்த ஸ்டோர்ஸ் உதவியாளர் ஒருவர்தான் இன்று எங்கள் பாதுகாப்பு விதிகளை எல்லாம் தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் எழுதித் தருகிறார்.

படிப்பு எதுவானாலும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி உண்டா என்று சேரும் முன்பே பாருங்கள். 1985-இல் தொடங்கிய இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 2002-இல் தொடங்கிய, சென்னையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். பொறியியலைத் தபால் வழியில் படிக்கலாம் என்று மட்டும் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படித் தந்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறியானது. டிப்ளமோ முடித்தவருக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் நடக்கும் மாலைநேரப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. அதில் சேர வேலைச் சான்று கேட்பார்கள், அதைத் தாமதமில்லாமல் கொடுப்பதும் நம் உதவிதான்.

"ரசீது கொண்டுவந்தா பணம், பாஸ் ஆனா பணம்னு வெச்சாப் போதாதா? எதுக்கு முன்னாடியே கட்டணும்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் நாங்களும் அப்படித்தான் வைத்தோம். ஊழியர் கட்டணம் கட்ட வேண்டும், தேர்ச்சி பெற்றதும் ரசீதும் மதிப்பெண் பட்டியலும் கொடுத்தால் பணம் திரும்ப வரும். இரண்டு ஆண்டில் நான்கே பேர் வாங்கினார்கள். நான்கு பேரும் அலுவலகத்தில் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. படிக்க ஆர்வமில்லை போல என்று மேனேஜ்மென்டும் நினைத்தது, நானும் நினைத்தேன். ஒருநாள் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) ஆபரேட்டர் ஒருவரிடம் நேராகவே கேட்டேன். "ரசீது கொண்டாங்கன்னு சொல்றீங்க மேடம், அந்த ரசீது வாங்கவே காசு வேணுமே" என்றார். ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு நிற்கிறவர் தனக்காக இன்னொரு கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டி, ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்ப வரும் என்று காத்திருக்க முடியாது. கையில் ஏற்கெனவே பணம் இருப்பவருக்கு மட்டும் உதவும் திட்டத்தை, உதவி என்று நாங்கள் பெயர் வைத்து நடத்தியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு மாற்றினோம். ஊழியர் சேர்க்கைக் கடிதத்தைக் கொண்டுவந்தால் போதும், கட்டணத்தை நிறுவனம் நேரடியாகக் கல்லூரிக்கே கட்டும். அந்த ஆண்டு பதினொரு பேர் சேர்ந்தார்கள், ஏழு பேர் தொழிற்கூடத்தில் இருந்து வந்தவர்கள். பணம் வேறு செலவுக்குப் போய்விடுமோ என்ற பயமும் இதில் இல்லை, ஏனென்றால் அது ஊழியர் கைக்கே வருவதில்லை. அமெரிக்காவில் வால்மார்ட் 2018-இல் தன் ஊழியர்களைக் கல்லூரியில் சேர்த்தபோது நாளொன்றுக்கு ஒரு டாலர் அவர்களிடம் வாங்கியது. 2021-இல் அந்த ஒரு டாலரையும் எடுத்துவிட்டது. முன்பணம் எவ்வளவு சிறிதானாலும் அதைப் பார்த்து நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"ஆளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?"

எங்கள் உச்சவரம்பு ஆண்டுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய். உங்கள் வசதிக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வுக் கட்டணம், புத்தகம், செய்முறை வகுப்புக்குப் போகும் பஸ் செலவு இவற்றையும் அதில் சேருங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டப் படிப்புக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தனியார் பயிற்சி மையங்களின் சான்றிதழ் வகுப்புகளுக்கு 18 சதவீதம் வரும், கணக்குப் போடும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

"மூணு ஷிஃப்ட் ஓடற எடத்துல எப்படி மேடம் காலேஜ் போவாங்க?"

பணம் கட்டிய பிறகும் படிப்பை நிறுத்தியவர்களிடம் பேசியிருக்கிறேன். பணம் போதவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை, நேரம் கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆகவே திட்டத்தில் நேரத்தையும் எழுத்தில் வையுங்கள். மாலைநேரக் கல்லூரியில் படிப்பவருக்குக் கல்லூரி நடக்கும் மாதங்களில் முதல் ஷிஃப்ட் அல்லது ஜெனரல் ஷிஃப்ட் மட்டும். காண்டாக்ட் கிளாஸ் (தொலைநிலைப் படிப்புக்கான நேரடி வகுப்பு) நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் கேட்கக் கூடாது. தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு.

இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே யாருக்கு எப்போது தேர்வு என்று ஒரு அட்டவணை போட்டுப் புரொடக்‌ஷன் பிளானிங் ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன். கடைசி நேரத்தில் ஹால் டிக்கெட்டைக் காட்டி விடுப்புக் கேட்டால் எந்த ஃபோர்மேனுக்கும் எரிச்சல்தான் வரும், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பெண் ஊழியர்களுக்கு இன்னொன்று. பேறுகால விடுப்பில் போனால் படிப்பும் தானாக நிற்கும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று விதியிலேயே எழுதுங்கள். 'கேட்டுப் பார்க்கலாம்' என்று விட்டால் கேட்கத் தயங்கியே பலர் படிப்பை விட்டுவிடுவார்கள்.

"ஃபெயில் ஆயிட்டா பணத்தைத் திருப்பிக் கட்டணுமா?"

எங்களிடம் வேண்டாம். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டுப் போய்த் தேர்வு எழுதுகிறார்கள், ஒரு அரியர் விழுவது இயல்பு. மறுதேர்வுக் கட்டணத்தை ஒருமுறை நாங்களே கட்டுவோம். மூன்று அரியருக்கு மேல் சேர்ந்தால் அடுத்த செமஸ்டர் கட்டணத்தை நிறுத்தி வைப்போம், அவற்றை முடித்ததும் மறுபடி தொடரும். வகுப்புக்கே போகவில்லை, தேர்வே எழுதவில்லை என்றால் மட்டும் அந்த செமஸ்டர் தொகையைத் தவணையாகத் திரும்பக் கேட்போம். இதுவரை இரண்டு முறைதான் அப்படிக் கேட்க நேர்ந்தது.

"படிக்க வெச்சதும் அவன் அடுத்த கம்பெனிக்கு ஓடிட்டா என்னங்க பண்றது?"

முதலாளிகள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான பயம். இதற்கு பாண்ட் வைக்கலாம், அதாவது இத்தனை காலம் வேலை செய்வேன், முன்பே போனால் பணம் தருவேன் என்று எழுதி வாங்கலாம், ஆனால் அளவோடு வைக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது இது: கடைசியாகக் கட்டணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு, மாதம் கழியக் கழியப் பாக்கியும் குறையும். 60,000 ரூபாய் செலவானவர் பதினைந்து மாதம் வேலை செய்துவிட்டுப் போனால் மிச்சம் ஒன்பது மாதம். 24-இல் 9 பங்கு என்றால் 22,500 ரூபாய். அதைத்தான் திருப்பித் தர வேண்டும். ஐந்து ஆண்டு பாண்ட் போட்டால் திட்டத்தில் யாரும் சேர மாட்டார்கள். செலவைப் போல மூன்று மடங்கு அபராதம் என்றால் அது நிறுவனத்தின் மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும்.

நம் ஊரில் இன்னொரு நினைவும் இருக்கிறது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் மொத்தமாகத் தருவோம் என்று நடத்தினார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவர்கள் அந்தப் பணத்தைப் பார்க்காமலே போனதுண்டு. அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வரும் ஒருவர் பாண்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே பின்வாங்குவார். வேலையில் இருக்கும் வரை பாண்டுக்காக அவர் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் பிடித்து வைக்கப் போவதில்லை என்பதைத் தமிழில், எளிதாக, கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

"அந்த பாண்ட் கோர்ட்ல நிக்குமா?"

நியாயமாக இருந்தால் நிற்கும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதனால் 'இந்த வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது' என்று எழுதினால் நிற்காது. 'இத்தனை காலம் வேலை செய்வேன், முன்பே போனால் இவ்வளவு தருவேன்' என்பது வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஆள் தேர்வுச் செலவு பற்றிய வழக்கு, படிப்பு பற்றியதல்ல, என்றாலும் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது என்பது அதில் தெரிகிறது.

அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவையும் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒரு மேல் வரம்புதான், அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். ஆகவே கல்லூரிக்குக் கட்டிய ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். முன் பதிலில் சொன்னபடி மாதம்தோறும் குறையும் கணக்கு இருந்தால் உங்கள் பக்கம் பலம்.

"கடைசிச் சம்பளத்துல பிடிச்சுக்கலாமா? இல்ல ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கலாமா?"

சான்றிதழை வாங்கி வைக்கவே கூடாது. வெற்றுக் காசோலையும் வேண்டாம். சான்றிதழ் அவருடைய சொத்து, அதைப் பிணையாக வைத்து ஆளை நிறுத்துவது முறையல்ல. படிப்பு உதவி என்று தொடங்கியது கடன்காரனிடம் அடகு வைத்த மாதிரி ஆகிவிடும்.

சம்பளத்தில் பிடிப்பதை ஊழியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு, சட்டம் அனுமதிக்கும் வகையில், வரம்புக்குள் செய்யுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி எந்தச் சம்பளக் காலத்திலும் மொத்தப் பிடித்தம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. 'பாண்ட் பணம் வரட்டும், அப்புறம் செட்டில்மென்ட்' என்று இழுத்தடிக்க முடியாது. பி.எஃப்., கிராஜுட்டி இரண்டிலும் கை வைக்காதீர்கள். மிச்சத் தொகைக்குத் தவணை எழுதி வாங்குங்கள், பெரும்பாலோர் கட்டிவிடுகிறார்கள்.

"கம்பெனி கட்டின ஃபீஸுக்கு நான் இன்கம் டாக்ஸ் கட்டணுமா?"

இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். நிறுவனம் தன் தேவைக்காக உங்களை அனுப்பிப் படிக்க வைத்தால், உதாரணமாகப் புது மெஷினுக்கான பயிற்சி, தரக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் போன்றவை, அது நிறுவனத்தின் செலவு. உங்கள் வருமானத்தில் சேராது. நீங்களே தேர்ந்தெடுத்த பட்டப் படிப்பின் கட்டணத்தை நிறுவனம் உங்களுக்காகக் கட்டினால், நீங்கள் கட்ட வேண்டியதை இன்னொருவர் கட்டியதாக எடுத்து, சம்பளத்தோடு சேரும் சலுகையாக வரித்துறை பார்க்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் நிறுவனம் தரும் சம்பள வரிச் சான்றிலும் (ஃபார்ம் 16 என்று நமக்குப் பழகியது) அது வரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பழகிய பிரிவு எண்கள் மாறிவிட்டன, இந்த அடிப்படை மாறவில்லை. படிப்புக்கும் உங்கள் வேலைக்கும் உள்ள தொடர்பை அனுமதிக் கடிதத்திலேயே நிறுவனம் எழுதித் தருவது நல்லது.

ஆனால் தொழிற்கூடத்தில் இருப்பவர்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய வரிமுறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி வராது, சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு 12.75 லட்சம். 40,000 ரூபாய் கூடினாலும் நம் ஆட்கள் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறார்கள்.

"என் ஃபிரெண்டு அமெரிக்கால இருக்கான், அவனுக்கு இதுக்கு டாக்ஸே இல்லைங்கறான்?"

அவர் சொல்வது சரி. அங்கே வருமான வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி நிறுவனம் தரும் படிப்பு உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. 1986-இல் வைத்த அந்த வரம்பு பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. நம் சட்டத்தில் அப்படி இதற்கென்றே தனி வரிவிலக்கு இல்லை. இருந்தால் எவ்வளவோ நிறுவனங்கள் துணிந்து தொடங்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

"என் பொண்ணோட ஸ்கூல் ஃபீஸுக்கு இதுல கிடைக்குமா?"

கிடைக்காது. அது வேறு சலுகை, வேறு வரிக் கணக்கு. பிள்ளைகளின் கட்டணத்தை நிறுவனம் கட்டினால் பெரும்பாலும் அது சம்பளமாகவே கருதப்படும். நிறுவனம் அதையும் தரலாம், ஆனால் தனித் திட்டமாக வைக்கட்டும். ஒன்றாகக் கலந்தால் பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளுக்கே எடுத்துக்கொடுத்துவிட்டுத் தங்கள் படிப்பை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் அப்படித்தான் நடக்கும்.

"முதலாளி பையன் எம்.பி.ஏ. படிக்க வெளிநாடு போறாரு. அந்தச் செலவை இதுல காட்டலாமா?"

வேண்டாம். தொழிலுக்காக மட்டுமே ஆன செலவு என்று நிரூபிக்க முடிந்தால்தான் நிறுவனக் கணக்கில் கழிக்க முடியும். இயக்குநரின் பிள்ளையை அவசரமாக ஊழியராகக் காட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிய செலவுகளை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்கவில்லை. அதோடு ஒரு நாள் அந்தக் கணக்கு கணக்காளர் மேசையில் இருந்து தொழிற்கூடத்துக்குத் தெரியவரும், அன்றோடு திட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

"படிச்சு முடிச்சவனுக்குச் சம்பளம் ஏத்தணுமா? ஃபீஸும் நாமளே கட்டி, அப்புறம் சம்பளமும் நாமளே ஏத்தறதா?"

ஆமாம், ஏதாவது ஒரு மாற்றம் வேண்டும். எங்கள் டூல் ரூமில் டிப்ளமோ படித்த ஒருவர் பகுதிநேர பி.இ. முடித்தார். காலையில் ஃபைலும் வெர்னியரும், மாலையில் கல்லூரி, இரவு பத்தரைக்கு வீடு. முடித்து வந்து எட்டு மாதம் அதே மேசை, அதே கிரேடு. டிசைன் பிரிவில் இடம் இருந்தும் வெளியில் இருந்து ஒரு புதுப் பையனை எடுத்தோம். அவர் பாண்ட் பாக்கியைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். போகும்போது ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை. தவறு எங்களுடையது, இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஒரு விதி சேர்த்தோம். படிப்பு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே துறைத் தலைவரும் நானும் அவரோடு உட்கார்ந்து, முடித்தபின் என்ன வேலை என்று பேசிவிடுகிறோம். இடம் இருந்தால் உள்ளே இருப்பவருக்குத்தான் முதல் நேர்காணல். இடம் இல்லாவிட்டாலும் படித்ததற்கான சின்ன ஊதிய உயர்வு உடனே உண்டு. பாண்டைவிட இந்தப் பேச்சுதான் ஆட்களை நிறுத்தி வைக்கிறது.

"எனக்குக் கீழ இருக்கறவன் என்னைவிட அதிகம் படிச்சுட்டா நான் எப்படி மேடம் வேலை வாங்கறது?"

இதைக் கேட்ட சூப்பர்வைசர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் ஷிஃப்ட் போடுவது அவர் கையில் இருக்கிறது. பயந்தவர் தெரிந்தோ தெரியாமலோ படிக்கிறவருக்குத் தொடர்ந்து இரவு ஷிஃப்ட் போட்டுவிடுவார், மேலே சொன்ன நேர ஏற்பாடு எல்லாம் தாளோடு நின்றுவிடும். அதனால் சூப்பர்வைசர்களுக்கே முதலில் படிப்பு உதவியைக் கொடுத்தோம். என்னிடம் இதைக் கேட்டவர் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்தார். இப்போது தேர்வு அட்டவணையை என்னிடம் முதலில் கேட்டு வாங்குவது அவர்தான்.

"எனக்கு 46 வயசு, பத்தாவதே முடிக்கல. என்னையெல்லாம் சேர்ப்பீங்களா?"

சேர்ப்போம். வயது வரம்பு எங்கள் விதியில் இல்லை, யாரும் வைக்கவும் வேண்டாம். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பலர் அதைத் தெரியாமல் விட்டு ஓர் ஆண்டை இழக்கிறார்கள். அந்த வகுப்பு நாட்களுக்கும் சம்பளத்தோடு அனுமதி உண்டு. பழைய டி.சி.யை வீட்டில் தேடி எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் படித்த பள்ளியின் பெயரையும் விட்ட ஆண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள், நகல் வாங்கப் பள்ளிக்கு நானும் கூட வருகிறேன்.